மூன்று மணி நேரப் பொறுமை

அகதி வாழ்வு எம்மவர்க்குப் பல பொறுமைகளைக் கற்பித்தது. குடிவரவு அலுவலகத்து வரிசையில் நிற்கும் பொறுமை, விசாரணைத் தேதி வரும்வரை தபாற்பெட்டியைத் திறந்து மூடும் பொறுமை, ஏப்ரல் மாதத்திலும் உருகாத பனியைப் பார்த்திருக்கும் பொறுமை ஆகியவற்றை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னரே, ஊரிலிருந்த காலத்திலேயே, நாம் பழகிக்கொண்ட பொறுமை ஒன்றுண்டு. மோசமான தமிழ்ப் படமொன்றை இறுதிவரை இருந்து பார்க்கும் பொறுமையே அது. அதனை வெறும் சிரிப்புக்குரிய விடயமாக எம்மாற் கொள்ள முடியவில்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குத் தியேட்டர்களின் பெயர்கள் உறவினரின் பெயர்கள் போன்றவை. வின்சர், ராணி, ராஜா, மனோகரா, வெலிங்டன், லிடோ, சாந்தி, ஸ்ரீதர் என அடுக்கிக்கொண்டே போகலாம். கோட்டைக்கு அண்மையிலிருந்த ரீகல் ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போனது. புதுப்படம் வந்துவிட்டால் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று வீதி வீதியாகச் சென்று வண்ண நோட்டீசுகளை வீசும். அதன் பின்னால் புழுதியில் ஓடிய சிறுவர் கூட்டத்தில் நாமும் இருந்தோம்.

புதுப்படம் என்று அழைக்கப்பட்டதே தவிர, உண்மையில் அது புதியதன்று. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, இந்தியப் படங்களின் இறக்குமதி அரசின் கைக்குள் வந்தது. அதன் பின்னர் சென்னைப் படங்களின் வரவு குறைந்தது. வந்தவற்றிற் பல அங்கு ஓடி ஓய்ந்து நெடுநாள் சென்ற பின்னரே வந்தன. பல ஊர்களைச் சுற்றி வந்த பிரதியிற் கோடுகள் மாரி மழைபோல் விழும். ரீல் அறுந்தாற் கலரியிலிருந்து சீழ்க்கை எழும். மீண்டும் படம் தொடங்கும்போது கதாநாயகி வேறொரு சேலையில் வேறோர் ஊரில் நிற்பாள். இடையில் நிகழ்ந்தது யாதென அறிந்தவர் இலர்.

படங்களின் தரத்தைப் பற்றி என்ன சொல்வது! ஐம்பது வயதை எட்டிய கதாநாயகர் இரண்டு புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போவார். அக்கல்லூரியிற் பாடம் நடந்ததை நாம் ஒருநாளும் கண்டதில்லை. கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே மகனை அடையாளம் தெரியாது. வைத்தியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாவு நிச்சயம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் அரைமணி நேரம் பேசுவார், நீதிபதி கண்ணைத் துடைப்பார், வழக்கு முடிந்துவிடும். பின்னாளில் ஆசிரியராகி, காரணமின்றிக் காரியம் நிகழாது என்று மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடத்தில் நாம் கற்பித்தபோது, அது அவர்களுக்குப் புதுச் செய்தியாகவே இருந்தது.

ஆயினும் இடையில் எழுந்து போனவரைக் காண்பதரிது. காரணம் எளியது. எமது தாயார் வருடமொன்றில் இன்பத்துக்காக வீட்டுப் படலையைக் கடந்த நாட்கள் மிகச் சிலவே. நல்லூர்த் தேர் ஒன்று, படம் மற்றொன்று. அதற்காகக் காலையிலேயே சமையல் முடியும். பெட்டகத்திலிருந்து சேலை வெளியே வரும். அயல்வீட்டு மாமியும் அவர் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வர். கச்சான் சுருள், இடைவேளையில் ஒரு சோடா, திரும்பி வரும் வழியெல்லாம் கதையைப் பற்றிய தர்க்கம். "படம் எப்பிடியக்கா?" என்று வேலியின் அப்பால் ஒருத்தி கேட்டால், "பிழையில்லை" என்பார் தாயார். எத்துணை மோசமான படத்துக்கும் அவரிடமிருந்து அதனினும் கடுமையான தீர்ப்பு வந்ததில்லை. படம் பார்க்கும் பிள்ளை பழுதாய்ப் போகும் என்று திண்ணையிலிருந்து முணுமுணுத்த எமது பாட்டனாரும், கதையை முழுதாகக் கேட்டறியாமல் அன்றிரவு உறங்கமாட்டார்.

இந்தப் பொறுமை எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவிற் கிடைத்ததில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். 1977இல் தர்மசேன பத்திராஜ 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை யாழ்ப்பாணத்தில் எடுத்தார். சிங்களவராகிய அவர் எம்மூரின் சாதியையும் சீதனத்தையும் கூர்ந்து நோக்கியிருந்தார். படத்தின் பேச்சு எம்மூர்ப் பேச்சு, வெயில் எம்மூர் வெயில். ஆனால் அது அதிக நாள் ஓடவில்லை. நாம் பல்கலைக்கழகத்திற் கலைப்பிரிவிற் பயின்ற காலத்தில் மூத்தோர் அதனைப் பற்றிப் பெருமூச்சோடு பேசக் கேட்டிருக்கிறோம். சென்னைக் கதாநாயகரின் மச்சத்தை மன்னித்தவர்கள், பொன்மணியின் மெதுவான நடையை மன்னிக்கவில்லை.

1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. தமிழரான படத் தயாரிப்பாளரும் இயக்குநருமான கே. வெங்கட் கொல்லப்பட்டார். இலங்கைத் தமிழ்ச் சினிமா என்ற இளங்கன்று அத்தோடு படுத்துவிட்டது. தியேட்டர்களுக்குப் போகும் வழக்கமும் மெல்லக் குறைந்தது. மாலையில் வெளியே போனவர் வீடு திரும்புவது உறுதியில்லை என்ற நிலை வந்தபோது, படம் எம்மைத் தேடி வரத்தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்தன. மினி சினிமாக்கள் முளைத்தன.

1990 யூனில் மின்சாரம் நின்றது. அதன் பின்னர் ஊர்களில் நடைபெற்ற 'படம் ஓடும்' இரவுகளை அவற்றைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயோ பொன்னின் விலை. இளைஞர்கள் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ஜெனறேற்றரை மண்ணெண்ணெயில் முக்கி முனகி ஓடச்செய்வார்கள். முற்றத்திற் பாய் விரித்து, இடம்பெயர்ந்து வந்தவர்களும் ஊரவர்களுமாக நூறு பேர் அமர்ந்திருப்போம். ஓரிரவில் மூன்று படங்கள். மூன்றாவது படம் எப்போதும் படுமோசமானது. விமான இரைச்சல் கேட்டதும் ஒருவர் ஓடிச்சென்று ஜெனறேற்றரை நிறுத்துவார். இருளில் நூறு பேரும் மூச்சடக்கி, குழந்தைகளின் வாயைப் பொத்தியபடி வானத்தைப் பார்த்திருப்போம். இரைச்சல் விலகியதும், "போடு தம்பி" என்று ஒரு குரல் எழும். கதாநாயகர் விட்ட இடத்திலிருந்து வில்லனை மீண்டும் உதைக்கத் தொடங்குவார். அப்படத்தின் பெயர் இன்று நினைவில்லை. அந்த இருளில் எமது கையைப் பற்றியிருந்த, முன்பின் அறியாத முதியவளின் கை மாத்திரம் நினைவில் நிற்கிறது.

1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்து நடந்தது. நாமும் நடந்தோம். பின்னர் 1997இல் மொன்றியல் வந்து சேர்ந்தோம். எமக்கு முன்னரே பலர் இங்கிருந்தனர். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரிற் சிலரும் அவர்களுள் அடங்குவர். பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட்-டே-நெய்ஜிலும் அடுக்குமாடிகளில் எம்மவர் நெருங்கி வாழ்ந்தனர். பலசரக்குக் கடைகளில் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே தமிழ்ப்பட ஒளிநாடாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த திருமண ஒளிநாடா இங்குள்ள டெக்கில் ஓடாது. அங்கு பால் முறை, இங்கு என்.ரி.எஸ்.சி. முறை. தம் கழுத்திலேறிய தாலியைத் தாமே மீளக் காண்பதற்கும் பணம் கொடுத்து மாற்றுவிக்க வேண்டியிருந்தது. கடையில் எடுத்த படங்களோ பிரதியின் பிரதி. முகங்கள் நீரில் ஊறியவை போலிருக்கும். படத்தின் அடியில் நகைக்கடை விளம்பரம் ஊர்ந்து செல்லும். தாய் இறக்கும் காட்சியில் அவள் நெற்றியின் குறுக்கே தங்கத்தின் விலை போகும்.

எமது முதலாவது மாரி 1998 ஜனவரியின் பனிப்புயல். கியூபெக்கில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மின்சாரமின்றி இருந்த நாட்கள் அவை. எமது மாடியில் அயலவர்கள் பதைத்து நிற்க, மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு எம்மவர் சிரித்தனர். "கரண்ட் இல்லாமல் ஆறு வருசம் இருந்தனாங்கள், இது என்ன?" என்றார் ஒருவர். டெக்கிற்குள் ஒரு படம் பாதியில் அகப்பட்டிருந்தது. எங்கள் வீட்டிற் கூடிய நாலு குடும்பமும் மீதிக் கதையைத் தாமே சொல்லி முடித்தன. நாலு முடிவுகள். மின்சாரம் வந்தபின் பார்த்த உண்மையான முடிவு அந்த நாலினும் கீழானது.

அக்காலத்திலேயே எவரேனும் துணிந்த ஒருவர் தியேட்டர் ஒன்றை ஞாயிற்றுக்கிழமையில் வாடகைக்கு எடுத்துப் படம் காட்டுவார். பெப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றை இங்கு குறிப்பிடலாம். படப்பெட்டிகள் ரொறன்ரோவிலிருந்து வரவேண்டும். நெடுஞ்சாலையிற் பனி. "வந்துகொண்டிருக்கு, வந்துகொண்டிருக்கு" என்று ஏற்பாட்டாளர் அரைமணிக்கொரு தடவை அறிவித்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ரிக்கற் காசைத் திருப்பிக் கேட்டவர் எவருமில்லை. மட்டன் ரோல்ஸ் படம் தொடங்குமுன்னரே தீர்ந்துபோயிற்று. இறுதியிற் படம் வந்தது. அவசரத்தில் ரீல்கள் மாறி ஏறிவிட்டன போலும். கதாநாயகர் முதலில் இறந்தார், பின்னர் காதலித்தார். படம் அத்தகையது ஆகையால் வெகுநேரம் எவருக்கும் ஐயம் எழவில்லை.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே அன்றைய பொருளுள்ள காட்சி நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுக்க முடியாத காலம். வன்னிக்கு இடம்பெயர்ந்தோரின் நிலை எவருக்கும் தெரியாது. புதிதாக வந்தவர் ஒருவரைக் கண்டால் எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள். அன்று நடைக்கூடத்தில், பனிச் சப்பாத்தின் ஈரம் தரையில் ஓட, ஓர் இளைஞரிடம் இரண்டு மாதங்களுக்கு முன் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்ட ஒருவர், "உங்கட அம்மாவைக் கண்டனான் தம்பி, சங்கக்கடை வரிசையில நிண்டவ, சுகமாயிருக்கிறா" என்று சொன்னார். ஓராண்டுக்கு மேலாகத் தாயைப் பற்றிய செய்தியில்லாதிருந்த அந்தப் பிள்ளை சுவரிற் சாய்ந்து நின்று அழுதது. பின்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அந்தத் தலைகீழான படத்தை முழுதும் பார்த்தது. எம்மவர் கொடுத்த ரிக்கற் காசு எதற்கு என்று அன்று எமக்கு விளங்கிற்று.

இனிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1977இன் 101ஆம் சட்டத்தின்படி புதிதாக வந்தோரின் பிள்ளைகள் இங்கு பிரெஞ்சுப் பாடசாலைக்கே செல்லவேண்டும். பிள்ளை பள்ளியிற் பிரெஞ்சு, விளையாட்டிடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தது. வீட்டிலிருக்கும் அம்மம்மாவுக்குத் தமிழ் ஒன்றே மொழி. காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வரும் பெற்றோரால் இவ்விரு கரைகளுக்கும் பாலம் கட்ட இயலவில்லை. சாப்பிட்டியா, குளிருது, கதவைப் பூட்டு என்ற அளவிற் பேச்சு சுருங்கியது. அவர்களை மூன்று மணி நேரம் பக்கத்திற் பக்கத்தில் இருத்தி வைத்தது மோசமான படமே. "அம்மம்மா, இவர் நல்லவரா கெட்டவரா?" என்று பிள்ளை கேட்கும். "பொறு ராசா, இப்ப தெரியும்" என்பார் கிழவி. ஏன் அவர் கெட்டவர், அவர் தமையனுக்குச் செய்த துரோகம் என்ன, துரோகம் என்றால் என்ன என்று பேச்சு வளரும். எமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், 'நன்றி மறத்தல்' என்பதற்கு ஒரு சிறுவன் உடனே உதாரணம் சொன்னான். படத்திலிருந்துதான். நல்ல படமாயிருந்தால் அத்தனை விளக்கம் தேவைப்பட்டிராது என்றும் தோன்றுகிறது. நல்லவரும் கெட்டவரும் தெளிவாகப் பிரிந்து நின்ற அந்த மலிவான கதைகள், மொழி குறைந்த பிள்ளைக்கு ஏறக்கூடிய தாழ்ந்த படிகளாயின.

பிள்ளைகளைப் படத்துக்கு அழைத்துச் செல்லலாமா என்று எம்மவரிடையே எழுந்த வாதம் இந்நகரத்துக்குப் புதியதன்று. 1927 ஜனவரி 9ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், சென் கத்தரின் வீதியின் கிழக்குப் புறத்திலிருந்த லோறியே பலஸ் என்ற தியேட்டரிற் சிறுவர்கள் நகைச்சுவைப் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. 78 பிள்ளைகள் மாண்டனர். தீயினால் இறந்தோர் மிகச் சிலரே. ஏனையோர் படிக்கட்டில் நெரிசலிலும் புகையிலும் மூச்சடங்கினர். அவர்கள் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். சில சதங்களுக்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே வாராந்த இன்பம் அது. அதன் பின்னர் 16 வயதுக்குட்பட்டோர் தியேட்டருக்குட் செல்வதைக் கியூபெக் தடைசெய்தது. அறுபதுகள் வரையிற் தடை நீடித்தது. ஞாயிற்றுக்கிழமைப் படங்களைத் திருச்சபை கண்டித்து வந்த காலம் அது. எமது பாட்டனாரின் முணுமுணுப்பை அங்கு ஆயர்கள் உரக்கச் சொன்னார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பெற்றோருடன் சேர்ந்து படம் பார்க்கும் வாய்ப்பின்றி வளர்ந்தனர். அந்தத் துயரத்தின் முன் எவரும் தர்க்கம் செய்யலாகாது. ஆயினும் வாசல்களையும் படிகளையும் காப்பது ஒன்று, பிள்ளையைக் கூட்டத்திலிருந்து பிரிப்பது வேறொன்று என்று எமக்குத் தோன்றுகிறது.

எல்லாப் படங்களும் மோசமானவை என்று சொல்வது நன்றியன்று. 2000இல் 'தெனாலி' வந்தபோது, கமல்ஹாசன் எம்மூர்ப் பேச்சைப் பேச, தியேட்டரிற் சிரிப்பு எழுந்தது. முதியவர் சிலர் சிரிக்கவில்லை. எமது பேச்சு நகைப்புக்காகவா என்று அவர்கள் கேட்டனர். ஆனால் அம்மம்மா பேசுவதுபோல் ஒருவர் பெருந்திரையிற் பேசுவதைப் பிள்ளைகள் அன்றே முதன்முதற் கேட்டனர். 2002இல் மணிரத்தினத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. இராமேஸ்வரத்து முகாமிற் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட சிறுமி தாயைத் தேடும் கதை. அந்தத் தியேட்டரில் ரோல்ஸ் பொதியைப் பிரிக்கும் ஓசைகூடக் கேட்கவில்லை.

2015இல் கான் விழாவிற் தங்கப் பனை பெற்ற 'தீபன்' பிரெஞ்சு நாட்டுப் படம். இயக்கியவர் ஜாக் ஓடியார். நடித்தவர் எம்மவரான எழுத்தாளர் ஷோபாசக்தி. அதிற் பெரும்பகுதி தமிழிலேயே பேசப்படுகிறது. எமக்கு அதிற் புதுமையாயிருந்தது வேறொன்று. வெள்ளையர்கள் அடியில் ஓடும் பிரெஞ்சு வரிகளை வாசித்துக்கொண்டிருக்க, எமது கிழவியர் வாசிக்காமலே விளங்கிக்கொண்டனர். திரையிற் பிரெஞ்சுப் பேச்சு வந்தபோது பேரப்பிள்ளைகள் குனிந்து காதிற் சொன்னார்கள். "பொறுங்கோ அம்மம்மா, சொல்லுறன்." படி இப்போது மறுபக்கமாக ஏறப்பட்டது. பாட்டு இல்லை என்ற குறையொன்றைத்தான் வெளியே வந்து கிழவி சொன்னார்.

இன்று பெரிய படமென்றால் சென்னையில் வெளியாகும் அதே நாளில் இங்கும் பார்க்கலாம். பலசரக்குக் கடைகளிலிருந்து ஒளிநாடாக்கள் மறைந்துவிட்டன. வீட்டுக்குள் ஆளுக்கொரு திரை. மகன் ஓர் அறையில் கொரிய நாடகம், தாய் ஒரு அறையிற் தொடர், தந்தை குசினி மேசையிற் செய்தி. மோசமான படத்தைச் சகிக்கவேண்டிய தேவை ஒழிந்தது. பிடிக்காவிட்டாற் பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் பத்தாவது நிமிடத்தில் நிறுத்தப் பழகியவர், அம்மம்மா தன் இடப்பெயர்வுக் கதையை ஐந்தாவது முறை தொடங்கும்போது இருந்து கேட்பாரா என்ற ஐயம் எமக்குண்டு. அக்கதையும் ரீல் அறுந்த கதைதான். அதிலும் சில இடங்களில் மழை விழுகிறது. இருந்து கேட்பவருக்கே அது முழுதாகக் கிடைக்கும்.

மற்றொன்று. எமது பிள்ளைகள் இப்போது தாமே படம் எடுக்கிறார்கள். ரொறன்ரோவில் லெனின் எம். சிவம் 2013இல் எடுத்த 'ஏ கன் அண்ட் ஏ றிங்' என்ற தமிழ்ப் படம் ஷங்காய்த் திரைப்பட விழா வரை சென்றது. இம்மொன்றியலிலும் பனிக்குள் நின்று குறும்படம் எடுக்கும் இளையோரை நாம் அறிவோம். ஒலி சில இடங்களிற் தெளிவில்லாமலிருக்கும். நடிப்பவர் பகலில் வேறு வேலை செய்பவர். நடை பொன்மணியின் நடைபோல் மெதுவாயிருக்கும். கோயில் மண்டபத்திலோ நூலகத்திலோ அவர்கள் அதைத் திரையிடும் நாளில் முன்வரிசைக் கதிரைகள் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். கல்லூரிக்குப் போன ஐம்பது வயதுக் கதாநாயகர்களுக்கு எம்மவர் வாரி வழங்கிய பொறுமையில் நாலில் ஒரு பங்கு இவர்களுக்குப் போதும்.

ஆகவே வாசகர்கள், அடுத்த முறை அத்தகைய அறிவித்தலொன்றை இப்பத்திரிகையிற் கண்டால், வீட்டிலுள்ள முதியவரையும் ஒரு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்பதே எமது விண்ணப்பம். குளிருக்குத் தடித்த அங்கியும் பைக்குள் கச்சானும் இருக்கட்டும். இடைவேளையில் அறிமுகமில்லாத ஒருவரிடம் ஊர் எதுவென்று விசாரியுங்கள். படம் நன்றாயில்லாவிட்டாலும் முடியும்வரை இருங்கள். குறைகளை வீட்டுக்கு வரும் வழியிற் பேசிக்கொள்ளலாம். அதற்கும் இரண்டு பேர் வேண்டும், ஒரு மொழி வேண்டும்.